விசுக்கோத்துப் பேணிக்குள் மூன்று கற்கள்

என் வயதுக்காரருக்குத்தான் இதை எழுதுகிறேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறவர்களுக்கும், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே வீடெல்லாம் தேடுகிறவர்களுக்கும். இளையவர்கள் வாசித்தால், "அப்பவே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே" என்பார்கள். அவர்களுக்கு எல்லாம் லேசு. யார் யாரிடம் எதைச் சொல்லலாம் என்று அந்தக் காலத்தில் இருந்த வேலிகளை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

போன வருடம் என் மகள் கடையிலிருந்து ஒரு சின்னச் சட்டியை வாங்கிவந்து என் அறை ஜன்னலில் வைத்தாள். சட்டி நிறையச் சரளை. சரளைக்கு நடுவே சாம்பலும் மண்ணிறமும் கலந்த ஓர் உருண்டை. உருண்டையின் தலையில் ஒரு பிளவு, மூடிய வாய் போல.

"அம்மா, இது கல்லில்லை, செடி. லித்தொப்ஸ் எண்டு பேர். பாலைவனத்திலை வளருறது. பாவம் பாத்துத் தண்ணி கிண்ணி விட்டுடாதேங்கோ, அழுகிப்போம்" என்றாள்.

நான் தலையாட்டினேன். அவள் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன். எழுபது கழிந்த வயதில் ஒரு செடியின் பெயரைக் கேட்டு அழுத மனுசி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அறுபத்தைந்து வருடங்களாக எனக்கு அதன் பெயர் தெரியாது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

நான் அதை முதலில் கண்டது கனகராயன்குளத்தில், பஸ் போகும் தெருவிலிருந்து உள்ளே வெகுதூரம் நடந்து போகவேண்டிய எங்கள் குடியேற்றக் காணியில். ஐயா, என் தகப்பனார், யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர். குளத்துத் தண்ணீர் தருகிறார்கள், காடு வெட்டினால் வயல் என்று கேள்விப்பட்டு, அம்மாவையும் கைக்குழந்தையான என்னையும் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தவர். அந்தத் தங்கைதான் என் மாமி. தாய் தகப்பன் போனபிறகு அவருக்கு இருந்த ஒரே காவல் ஐயா.

காடு வெட்டுவது ஒரு பாடு என்றால் கல் பொறுக்குவது பெரும்பாடு. ஒவ்வொரு உழவுக்கும் பூமி புதிதாகக் கல்லை வெளியே தள்ளும். ஐயா குனிந்து பொறுக்குவார், நாங்கள் ஓலைக் கடகத்தில் சுமந்து வேலியோரம் கொட்டுவோம். எங்கள் வளவில் வேலியை விடக் கற்குவியல் உயரம். முற்றத்து நடுவில் ஒரு பாலைக் குற்றி இருந்தது. வெட்டிய மரத்தின் அடி. அதைக் கிளப்ப முயன்று இரண்டு இரும்பு அலவாங்கு வளைந்தபின், "கிட, சனியனே" என்று ஐயா விட்டுவிட்டார். அந்தக் குற்றியை மறந்துவிடாதீர்கள், அது பிறகு வரும்.

மாமியைக் கட்டுவதற்கு ஆள் ஏற்கெனவே இருந்தார். அம்மாவின் தம்பி, என் மாமா. அம்மாவை ஐயாவுக்குக் கொடுத்தபோதே, அம்மாவின் தம்பிக்கு ஐயாவின் தங்கை என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். மாற்றுச் சம்பந்தம். பேசியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பேச்சு மட்டும் நின்றது. மாமா கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்தார். "சித்திரைக்கு வந்துடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். சித்திரை வந்தது, மாமா வரவில்லை. ஒரு சொல்லும் வரவில்லை. ஐயா வயலால் வரும்போதெல்லாம் தெருப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கால் கழுவுவார்.

வைகாசி வெயிலில் ஒரு மத்தியானம் நாயாற்றிலிருந்து ஒருவர் வந்தார். மாமாவோடு அதே கப்பலில் இருந்தவர், கத்தோலிக்கர், கடற்தொழில் குடும்பம். முல்லைத்தீவுக்கு வந்து, மாங்குளத்தில் பஸ் மாறி, வெயிலில் நடந்து வந்திருக்கிறார். ஐயா கதிரையில் இருந்தார். வந்தவரை இருக்கச் சொல்லவில்லை. அவர் வேப்பமர நிழலில் நின்றபடியே கதைத்தார். அன்றைக்கு எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை, அப்படித்தான் எல்லா வீடும். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தான் இருக்கச் சொல்லாத ஒரு மனிதரின் சொல்லை ஐயா எப்படி நம்புவார்? ஐயாவின் காது அங்கேயே பாதி மூடிவிட்டது.

அவர் உரப்பையிலிருந்து ஒரு விசுக்கோத்துப் பேணியை எடுத்து நீட்டினார். மூடியில் குதிரை வண்டியும் தொப்பி போட்ட பெண்களும் வரைந்த, சிவப்பும் பொன்னுமான தகரப் பேணி. எங்கள் வீட்டில் அதற்கு முன் அப்படி ஒரு பேணி வந்ததில்லை.

"உங்கடை மச்சான் குடுத்துவிட்டவர் ஐயா. கலியாணப் பொம்பிளைக்கெண்டு. கப்பல் ஆபிரிக்காவைச் சுத்திப் போகுது, இப்ப இறங்க விடமாட்டினம். இது அங்கத்தைச் செடியாம். பாக்கக் கல்லு மாதிரித்தான் இருக்குமாம். வெயிலிலை வைக்கட்டாம், தண்ணி விடவேண்டாமாம். இது பூக்கிற காலத்துக்கு வந்துடுவன் எண்டு சொல்லச் சொன்னவர்."

ஐயா பேணியைத் திறந்தார். உள்ளே சரளைக்கல். சரளைக்கு நடுவே கொஞ்சம் பருத்த மூன்று கற்கள்.  வந்தவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். படலை சாத்திய சத்தம் கேட்டபிறகு ஐயா அம்மாவைக் கூப்பிட்டார்.

"இஞ்சை வந்து பார், உன்ரை தம்பி அனுப்பின சீதனத்தை. கல்லுப் பொறுக்கியே இடுப்பு முறிஞ்சவன் நான். எனக்குக் கல்லு அனுப்பியிருக்கிறான். தண்ணி விடவேண்டாமாம். தண்ணி இல்லாமல் வளர்ற பயிர் ஒண்டு இருந்தால் நாங்கள் ஏன் குளத்துக்குப் பின்னாலை அலையிறம்?"

அம்மா தம்பிக்காகப் பேசினால் புருஷனுக்கு எதிர். புருஷனுக்காகப் பேசினால் தம்பிக்கு எதிர். அவர் குசினிக்குள் போய் அடுப்பை ஊதினார். எரிந்துகொண்டிருந்த அடுப்பை.

பேணியை எடுத்துப் பாலைக் குற்றியின் மேல் வைத்தவர் மாமி. முற்றத்தில் காலை முதல் மாலை வரை வெயில் படும் இடம் அதுதான். ஐயா பார்த்தார், தடுக்கவில்லை.

அந்த வரட்சிக் காலம் முழுக்க எனக்கும் மாமிக்கும் அந்தப் பேணிதான் விளையாட்டு. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும், வாய்க்கால் காய்ந்து மண் வெடித்துக் கிடக்கும், கிணற்றில் வாளி போய் அடியில் முட்டும். மத்தியானத்தில் வீடு உறங்கும்போது மாமி என் கண்ணைப் பொத்தி, என் விரலைப் பேணிக்குள் வைப்பார். "எது கல்லு, எது உயிர், சொல்லு பாப்பம்" என்பார். கல் விரலைச் சுடும். மற்றது சுடாது, இளஞ்சூடாக இருக்கும், அழுத்தினால் மிக மெல்ல இடம் கொடுக்கும், பழுக்கத் தொடங்கிய மாம்பழத்தின் காம்படியைப் போல. கண்ணை மூடியிருந்தாலும் நான் பிழைவிட மாட்டேன். திறந்துகொண்டு தேடினால்தான் பிழை வரும். மாமி சிரிக்கும்போது ஒரு கையால் வாயை மறைத்துக்கொள்வார், முன்பல் கொஞ்சம் கோணல். அந்த மாதங்களில் அவர் சிரித்த அளவுக்குப் பிறகு சிரித்து நான் காணவில்லை.

ஆனி மாதத்தில் மூன்றும் சுருங்கத் தொடங்கின. தோல் கிழவியின் கன்னம் போலத் திரைந்தது. எனக்குப் பயம். மாமி குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கிட்ட இழுத்தார்.

"வடிவாப் பார் பிள்ளை. பிளவுக்குள்ளை இன்னொண்டு வருது. பழசு தன்னைக் குடுத்துப் புதிசை வளக்குது."

உண்மைதான். பிளவுக்குள் பச்சை கலந்த புதிய தலை ஒன்று தெரிந்தது. மாமியின் முகத்தில் எவ்வளவு சந்தோசம். அதைப் போய் ஐயாவிடம் சொல்லவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மாமி அம்மாவிடம் சொன்னார்: "மச்சாள், நீங்கள் அண்ணையிட்டைச் சொல்லுங்கோ." அம்மா, "என்ரை தம்பியின்ரை விசயம், நான் சொன்னால் பக்கம் சாயிற மாதிரி இருக்கும். நீங்கள் சொல்லுங்கோ" என்றார். கலியாணம் பேசியிருக்கும் பெண் தன் மாப்பிள்ளைக்காக அண்ணனிடம் வாயெடுப்பதா? இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்ததில் ஒருவரும் சொல்லவில்லை.

ஆடி முடியப் போகும் நேரம் பூவரசங்குளத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சொந்தக் காணி, நல்ல மனிதர், குடி இல்லை. ஆவணியில் நாள் இருக்கிறது, சம்மதமென்றால் முடிப்போம் என்றார்கள். ஐயாவை நான் இப்போது குற்றம் சொல்லவில்லை. தாய் தகப்பன் இல்லாத பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு, கடலில் திரிகிற ஒருவனுக்காக வருடக்கணக்கில் காத்திருப்பதா என்று குடியேற்றம் முழுக்கக் கதைத்தது. அந்தக் கதை அவரைத் தூங்க விடவில்லை.

அன்று விவசாயப் போதனாசிரியர் சைக்கிளில் வந்திருந்தார். நாற்றுமேடை, பசளை என்று எல்லாவற்றுக்கும் ஊர் அவரைத்தான் கேட்கும். ஐயா அவரைப் பாலைக் குற்றிக்குக் கூட்டிப்போய்ப் பேணியைக் காட்டினார். அவர் பேனையால் ஒன்றைத் தட்டினார். அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். மறுபடியும் தட்டினார்.

"இது ஆத்துக்கல்லுப் போலை. தண்ணியிலை உருண்டு தேஞ்சது. செடியெண்டால் இந்தக் கொடும் வெயிலிலை ஒரு சொட்டுத் தண்ணியில்லாமல் நிக்குமே? சந்தேகமெண்டால் ஒண்டை வெட்டிப் பாருங்கோவன்."

ஐயா மடியிலிருந்து பாக்கு வெட்டும் சிறுகத்தியை எடுத்தார். பிறகு மாமியைக் கூப்பிட்டார். என்னுடைய ஐயா நீதி தெரிந்தவர், அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

"பிள்ளை, இவருக்கு முன்னாலை சொல்லுறன். வெட்டிப் பாப்பம். செடியெண்டால் அவன் சொன்னது முழுக்க உண்மை எண்டு எடுக்கிறன். எத்தினை வருசமெண்டாலும் காத்திருப்பம், பூவரசங்குளத்துக்கு இல்லையெண்டு சொல்லிவிடுறன். கல்லெண்டால் நான் சொல்லுறதைக் கேள்."

மாமி ஓடிவந்து பேணியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"வெட்டவேண்டாம் அண்ணை. உயிருள்ளது."

"மூண்டு கிடக்குத்தானே. ஒண்டைத் தா."

"இல்லை அண்ணை. எனக்குத் தெரியும், உயிருள்ளது. வெட்டவேண்டாம்."

அண்ணனுக்கு முன்னால் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. தான் சொன்னால் போதும், அண்ணன் நம்புவார் என்று நினைத்திருக்கிறார். ஐயா அதை வேறு மாதிரி எடுத்தார். வெட்டினால் குட்டு உடைந்துவிடும் என்று பயப்படுகிறாள் என்று நினைத்தார். கத்தியை மடக்கினார்.

"அவளுக்கே தெரியும்" என்று போதனாசிரியரிடம் மெல்லச் சொன்னார். அந்த ஆளும் இரக்கத்தோடு தலையை ஆட்டினார்.

ஒரு கீறல் கீறியிருந்தால் போதும். பச்சைச் சாறு வடிந்திருக்கும், எல்லாம் அத்தோடு தீர்ந்திருக்கும். "நானெண்டாலும் அந்தக் கத்தியை வாங்கியிருக்கவேணும்" என்று அம்மா சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆவணியில் மாமியின் கலியாணம் நடந்தது. வண்டியில் ஏறும்போது எல்லோரையும் பார்த்து அழுதார், மாட்டைக்கூடத் தடவினார். பாலைக் குற்றிப் பக்கம் திரும்பவே இல்லை.

அதன்பிறகு பேணியை ஒருவரும் தேடவில்லை. புரட்டாசி முடிய, முதல் மழை இன்னும் விழாமல் வானம் மூட்டம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவின் விளக்குமாற்றுச் சத்தம் சட்டென்று நின்றது. நான் போய்ப் பார்த்தேன். மூன்றில் ஒன்றின் பிளவுக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் பூ. செடியை மூடும் அளவு பெரிய பூ. மெல்லிய இதழ்கள், எண்ணமுடியாத அளவு. மற்ற இரண்டும் சரளையோடு சரளையாகக் கிடந்தன.

ஐயா வயலால் வந்து மண்வெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நின்று பார்த்தார். பொழுது சாய்ந்ததும் பூ தானாக மூடிக்கொண்டது. அதன்பிறகுதான் அவர் குற்றியடியில் குந்தினார்.

"என்ரை தங்கச்சியை நான் நம்பேல்லை" என்றார். 

பிறகு எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து பேணிக்குள் ஊற்றினார். தண்ணீர் விடவேண்டாம் என்று நாயாற்றுக்காரர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் நினைவிருந்தது. அம்மா தயங்கித் தயங்கி அதைச் சொல்லவும் செய்தார்.

"கல்லாக் கிடக்கேக்கை சரி. பூத்தாப்பிறகு தண்ணி மறிக்கிறதோ? பூத்த பயிருக்குத் தண்ணி மறிச்சவன் வெள்ளாண்மைக்காரனோ?" என்றார் ஐயா.

அம்மாவும் அதை ஒத்துக்கொண்டார். நெல் பூக்கும் நேரத்தில் வயலில் தண்ணீர் குறையக்கூடாது, குறைந்தால் எல்லாம் பதர். அதை அறிந்தவர்கள் அவர்கள். அதற்காக வாய்க்காலடியில் இரவிரவாகக் காவல் கிடந்தவர்கள். தாங்கள் செய்த பிழைக்கு ஈடுசெய்ய அவர்களிடம் இருந்த ஒரே பொருள் தண்ணீர். ஐயா விடிய ஒரு செம்பு விட்டார். அம்மா அரிசி கழுவிய தண்ணீரைக் கொண்டுவந்து விட்டார். பேணியை வெயிலில் காயவிடக் கூடாது என்று தூக்கிவந்து வாசலில் தாழ்வாரத்துக்குக் கீழே வைத்தார்கள். மரியாதையான இடம். ஐப்பசி மழை தொடங்கியதும் கூரைத் தண்ணீர் ஓலை வழியே சொட்டிச் சொட்டி அதற்குள் விழுந்தது.

முதலில் மூன்றும் கொழுத்தன. ஐயாவுக்குப் பெருமை. பிறகு ஒன்று வெடித்தது. மற்றவை கூழாகின. வாசலில் ஒரு புளித்த நாற்றம். அப்போதும் ஐயா, "வேர் உயிரோடைதான் கிடக்கும்" என்று தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

கல்லென்று வெறுத்து ஒதுக்கியிருந்த காலம் முழுக்க அது நன்றாக இருந்தது. பயிரென்று தெரிந்து நாங்கள் அன்பு காட்டத் தொடங்கிய பிறகுதான் செத்தது.

கார்த்திகை மழையில் மாமா வந்தார். தோளில் பெட்டி, கறுத்து மெலிந்த முகம், ஒன்றும் அறியாத சிரிப்பு. அம்மா குசினிக்குள் போய்விட்டார். ஐயாதான் எழுந்து நின்று, ஒன்றும் மறைக்காமல் சொன்னார். மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பேணியைப் பார்க்கவேண்டும் என்றார். அது விளிம்பு வரை தண்ணீரோடு தாழ்வாரத்தில் இருந்தது. அவர் விரலை விட்டு அடியில் தடவிப் பார்த்தார்.

"பூத்ததோ அத்தான்?"

"ஓம்."

"தண்ணி விட்டனீங்களோ?"

"ஓம். எல்லாரும் விட்டம்."

மாமா சரி என்று தலையாட்டினார். அம்மாவின் கையால் சோறு சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே போய்விட்டார். பிறகு எங்கோ தூரத்துத் துறைமுகம் ஒன்றில் குடியேறினார், அங்கேயே போய்ச் சேர்ந்தார். பேணியை அம்மா கழுவிக் காயவைத்து ஊசி நூல் போட்டு வைத்திருந்தார். பின்னாளில் யுத்தத்தில் நாங்கள் ஓடிய ஓட்டங்களில் எந்த ஊரில் அதை விட்டோம் என்று தெரியவில்லை.

ஐயா எங்களிடம் ஒன்றுதான் கேட்டார். பூத்தது மாமிக்குத் தெரியக்கூடாது. "அவள் அங்கை நிம்மதியா இருக்கட்டும்" என்றார். எனக்குக் கலியாணம் பேசியபோது என்னைத் தனியே கிணற்றடிக்குக் கூப்பிட்டு, "உனக்குச் சம்மதமோ, உண்மையைச் சொல்லு, நீ சொல்லுறதை நான் நம்புவன்" என்றார். அந்த நாளில் எந்தத் தகப்பன் மகளிடம் அப்படிக் கேட்டான்? எனக்குக் கிடைத்த அந்தக் கேள்வி மாமிக்கு உரியது.

இந்த வருடம் ஊருக்குப் போயிருந்தேன். பூவரசங்குளத்தில் மாமி மகனோடு இருக்கிறார். தொண்ணூறைத் தொடுகிற வயது, காது கொஞ்சம் மந்தம், கண் நல்ல தெளிவு. புருஷன் போய்ப் பல வருடம். அவரை நல்ல மனிதர் என்றுதான் எப்போதும் சொல்வார். நான் சும்மா இருந்திருக்கலாம். போனில் இருந்த என் ஜன்னல் சட்டியின் படத்தைக் காட்டினேன்.

மாமி போனை வாங்கி வெயிலுக்கு மறைத்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு விரலை அந்தப் படத்தின்மேல் வைத்து மெதுவாக அழுத்தினார். சுடுகிறதா என்று பார்ப்பதைப் போல.

"உதுதான்" என்றார். போனைக் கீழே வைக்காமல், "இது பூக்குமோ பிள்ளை?" என்று கேட்டார்.

ஐயாவும் இல்லை, அம்மாவும் இல்லை. யாருக்காக இனி மறைப்பது? நான் சொன்னது சரியா பிழையா என்று உங்களைக் கேட்கத்தான் இவ்வளவையும் எழுதினேன்.

"பூக்கும் மாமி. எங்கடை வீட்டிலையும் பூத்தது. மஞ்சள் பூ. நீங்கள் கலியாணம் முடிச்சுப் போன அடுத்த மாதம்."

மாமி அழவில்லை. கோபிக்கவும் இல்லை. முற்றத்தில் காயப்போட்டிருந்த மிளகாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூண்டும் பூத்ததோ?"

"இல்லை மாமி. ஒண்டுதான்."

"அப்ப மற்ற ரெண்டிலை ஒண்டை வெட்ட விட்டிருக்கலாம்" என்றார்.

போனை என் கையில் தந்துவிட்டு, மழை வரும்போலக் கிடக்கிறது என்று சொல்லி மிளகாய் அள்ள எழும்பினார்.